பழைய இங்கிலீஷ் பப்பை எப்படிப் பாக்கறது: வீடு பிரிக்கறவன் சொல்ற வழி

முதல்லயே சொல்லிடறேன், எனக்குக் குடிக்கற பழக்கம் கிடையாது. மன்னார்குடி பக்கம் பழைய வீடு பிரிக்கறது என் தொழில், முப்பது வருஷமா. தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இடிச்சுட்டு மாடி கட்டப் போறோம்னு யாராவது முடிவு பண்ணா எனக்கு போன் வரும், நான் போய் ஓடு இத்தனை, கைமரம் இத்தனை, தூண் இத்தனை, நிலை ஜன்னல் இத்தனைன்னு கணக்குப் போட்டு மொத்தமா ஒரு ரேட் பேசி, ஆள் விட்டுப் பிரிச்சு லாரில ஏத்திடுவேன். பொண்ணு பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரியும் இங்கிலாந்து போய் மூணு மாசம் இருந்தோம். அங்க ஒரு ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை ரொம்பத் தயங்கி, "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க, மதியம் சாப்பாட்டுக்கு ஒரு பப்புக்குப் போலாமா, குழந்தை குட்டியோட எல்லாரும் வர்ற எடம்தான்"னு கேட்டார். பப்புன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒயின் ஷாப் பின்னாடி இருக்கற தகரக் கொட்டாயும் மிதிபடற பிளாஸ்டிக் டம்ளரும்தான். சரின்னு போனேன். உள்ள நுழைஞ்சதும் நங்குன்னு தலையில ஒரு உத்தரம் இடிச்சுது, தேச்சுக்கிட்டே நிமிந்து பாத்தேன், அவ்வளவுதான், சாப்பாடு வந்ததே தெரியல.

அதுக்கப்புறம் எங்க போனாலும் பப்பைப் பாத்தா நிக்க ஆரம்பிச்சுட்டேன், வீட்டுக்காரி பேசாத பேச்சு இல்ல. டெல்டாவுலேந்து பிள்ளைங்களைப் பாக்கப் போற அப்பா அம்மாங்க நிறைய பேர் இருக்கீங்க, மாலுக்கும் மியூசியத்துக்கும் போயிட்டு குளிருதுன்னு வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டு வந்துடறீங்க, உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். பப்ளிக் ஹவுஸ்ங்கறதைத்தான் சுருக்கி பப்புன்னு ஆக்கிட்டாங்க, பொது வீடு. நம்ம ஊர்ல பழைய வீட்டுக் கூடத்துல நாலு டேபிள் போட்டு மெஸ் நடத்துவாங்கல்ல, அந்த மாதிரி யாரோ வீட்டுக்காரங்க வீட்லயே பீர் காய்ச்சி வித்ததுலேந்து வந்தது. அதனால ஓட்டு வீட்ல பொறந்து வளந்தவங்களுக்கு இது புரியறதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேணாம், எங்க பாக்கணும்னு தெரிஞ்சா போதும்.

போற நேரம் முக்கியம். ஞாயிறு மதியம் கூட்டம் நெரியும், ஒண்ணும் பாக்க முடியாது. வார நாள்ல சாயந்தரம் 3 மணி வாக்குல போங்க. யாரும் வந்து ஆர்டர் கேக்க மாட்டாங்க, நாமதான் கவுண்ட்டருக்குப் போய் வாங்கிக் காசு குடுத்துட்டு வரணும். லைம் சோடா கேளுங்க, காபியும் கிடைக்கும் (நம்ம டிகிரி காபிய நெனச்சுக்கிட்டுக் குடிச்சுடாதீங்க). ஏதாவது ஒண்ணு வாங்கிட்டு, கட்டடம் பாக்கணும்னு சொன்னா கவுண்ட்டர்ல இருக்கறவங்க சந்தோஷமா விடுவாங்க, சில பேர் வேலையை விட்டுட்டு நம்ம கூடவே வந்துடுவாங்க.

ஆனா உடனே உள்ள போயிடாதீங்க. எதிர்சாரில போய் நின்னு கூரையைப் பாருங்க, முகப்பைப் பாக்கவே பாக்காதீங்க. கும்பகோணம் கடைத்தெருவுல முன்னாடி கண்ணாடியும் ஷீட்டும் ஒட்டிப் பளபளன்னு இருக்கும், பக்கத்து சந்துல நுழைஞ்சா நாட்டு ஓடும் மண் சுவரும் தெரியும், பாத்திருப்பீங்க. அங்கயும் அதே கதைதான். 18ஆம் நூத்தாண்டுல நேர்கோடா செங்கல் முகப்பு வெக்கறது ஃபேஷன் ஆனப்போ பழைய மரச்சட்ட வீட்டு முன்னாடி ஒரு செங்கல் சுவரை எழுப்பி, மேல கைப்பிடிச் சுவரால கூரையை மறைச்சு, வரிசையா ஜன்னல் வெச்சுட்டாங்க. பக்கத்து சந்துக்குள்ள போய்ப் பாத்தா குட்டு வெளிப்பட்டுடும். கூரை செங்குத்தா, நம்ம கீத்துக் கொட்டாய் மாதிரி சரிஞ்சு இருந்தா ஒரு காலத்துல அதுல புல்லு வேஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு, புல்லுக்கூரைல தண்ணி வழிஞ்சு ஓடணும்னா அவ்வளவு சரிவு வேணும். மோட்டுக்கோடு நேரா இல்லாம நடுவுல தொய்ஞ்சிருந்தா உள்ள இருக்கறது பழைய மரம்.

இதுல இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு, நான் ரொம்ப ரசிச்சது. லூயிஸ், கேன்டர்பரி மாதிரி தென்கிழக்கு ஊருங்கள்ல செங்கல் சுவர்னு நெனச்சா செங்கலே இருக்காது, செங்கல் மாதிரி தெரியற ஓட்டை மரச்சட்டத்து மேல மாட்டி இடுக்குல சுண்ணாம்புக் காரை பூசியிருப்பாங்க. மூலைல திரும்பற எடத்துல பலகை வெச்சு மறைச்சிருந்தா சந்தேகப்படுங்க, ஏன்னா ஓட்டால மூலை திருப்பறது கஷ்டம். முகப்புல ஜன்னல் இருக்க வேண்டிய எடம் அடைச்சிருந்தா கூட வர்றவங்க உடனே ஜன்னல் வரின்னு சொல்வாங்க. 1696லேந்து 1851 வரைக்கும் ஜன்னல் கணக்குப் பாத்து வரி போட்டது உண்மைதான், ஆனா அடைச்ச ஜன்னல் எல்லாமே வரிக்குப் பயந்து அடைச்சது இல்ல, முகப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியணும்னு முதல்லயே பொய் ஜன்னலா கட்டினதும் நிறைய.

முகப்பு மறைக்காம மரம் வெளிய தெரியற பப்பா இருந்தா உங்க அதிர்ஷ்டம். மாடி தெருப்பக்கம் ரெண்டு அடி முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கும். நம்ம வீடு தெருவுக்குத் திண்ணையை நீட்டும், அவங்க வீடு மாடியை நீட்டும். கீழ இருக்கற சுவர் மழைல நனையாது, மேல எடமும் கூடும், பாக்கறவனுக்கு வீட்டுக்காரன் வசதியானவன்னும் தெரியும். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற கட்டையோட முனை வரிசையா தெரியும், அதை எண்ணுங்க. மூலை வீடா இருந்து ரெண்டு பக்கமும் துருத்தியிருந்தா உள்ள ஒரு உத்தரம் மூலைவிட்டமா ஓடும், அது இல்லாம ரெண்டு திசைலயும் கட்டையை நீட்ட முடியாது. இதை வெளிய பாத்து யூகிச்சுட்டு உள்ள போய் கண்டுபிடிக்கறது ஒரு வெளையாட்டு, மாப்பிள்ளைகிட்ட பந்தயம் கட்டி ரெண்டு தடவை ஜெயிச்சேன்.

மரத்துக்கு நடுவுல வெள்ளையா இருக்கற கட்டம் என்னன்னு கேப்பீங்க. ஓக் மரச் சப்பையைச் செருகி, ஹேசல்னு ஒரு புதர்க் குச்சியைத் தட்டி மாதிரி பின்னி, களிமண்ணும் சாணியும் வைக்கோலும் மிதிச்சுக் கொழைச்சு ரெண்டு பக்கமும் அப்பி, மேல சுண்ணாம்பு அடிச்சது. மூங்கில் பிளாச்சுக்கு பதிலா ஹேசல், அவ்வளவுதான் வித்தியாசம், திருத்துறைப்பூண்டி பக்கம் யாரைக் கூப்பிட்டு வந்து விட்டாலும் அரை நாள்ல செஞ்சு குடுத்துடுவாங்க. அந்த கறுப்பு வெள்ளை பெயின்ட் மட்டும் முக்காவாசி பின்னாடி வந்தது, விக்டோரியா ராணி காலத்து ஃபேஷன். பல ஊர்ல ஓக்கை அப்படியே சாம்பல் நிறத்துல விட்டுடுவாங்க, இல்லாட்டி மரம் மண் எல்லாத்து மேலயும் சேத்து சுண்ணாம்பு அடிச்சுடுவாங்க. எல்லா ஊரும் மரம்னும் இல்ல, கல்லு கிடைக்கற பக்கம் கல்லு, கூழாங்கல் மாதிரி ஃபிளின்ட் கிடைக்கற பக்கம் ஃபிளின்ட், மண்ணுக்கேத்த வீடு.

அடுத்தது வளைவு. முகப்பு நடுவுலயோ ஓரத்துலயோ உசரமா ஒரு வாசல், குதிரை வண்டி போற அளவுக்கு இருந்தா அது வெறும் சாராயக்கடை இல்ல, பயணிங்க தங்கின எடம், அதாவது நம்ம சத்திரம். நுழைஞ்சு பின்கட்டுக்குப் போங்க, யாரும் தடுக்க மாட்டாங்க, இப்ப அது கார் நிறுத்தற எடமாவோ தோட்டமாவோ இருக்கும். குதிரை லாயம் இருந்த எடம், வைக்கோல் ஏத்தற மேல்கதவு எல்லாம் இன்னும் தெரியும். குளோஸ்டர்ல நியூ இன்னுன்னு ஒண்ணு இருக்கு, பேருதான் புதுசு, 1450 வாக்குல அங்க இருந்த மடம் யாத்திரிகர்களுக்காகக் கட்டினது. நடுவுல முற்றம், சுத்தி ரெண்டு அடுக்கு மரத் தாழ்வாரம், தாழ்வாரத்துலேந்து ரூமுக்குள்ள போறது. அதைப் பாத்துட்டு நான் ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்தைத்தான் நெனச்சேன். சரபோஜி மன்னர் 1802ல கட்டினது, ராமேஸ்வரம் போறவங்க தங்கற வழில. அதுவும் முற்றம், தூண், தாழ்வாரம்தான், யாத்திரை போறவனுக்கு எந்த ஊர்லயும் வேண்டியது அதுதான் போல, கை கால் கழுவ ஒரு எடம், வெயிலோ மழையோ படாம படுக்க ஒரு எடம். என்ன, நம்ம சத்திரத்துல சோறு சும்மா போட்டாங்க, அங்க காசு.

லண்டன்ல சதர்க்ங்கற தேம்ஸ் தென்கரைப் பகுதில தி ஜார்ஜ்னு ஒண்ணு, 1676 தீ விபத்துல எரிஞ்சு அடுத்த வருஷமே திரும்பக் கட்டினது. அந்த மாதிரி மரத் தாழ்வாரம் வெச்ச வண்டிச் சத்திரம் லண்டன்ல இப்ப அது ஒண்ணுதான் பாக்கி. அதுவும் முழுசா இல்ல, ரயில் கம்பெனி வாங்கி மத்த பக்கமெல்லாம் இடிச்சுட்டு ஒரு பக்கத்தை மட்டும் விட்டுது. குதிரை வண்டி சத்திரத்துக்குச் சோறு போட்ட பொழப்பை ரயில் எடுத்துக்குச்சு, கட்டடத்தையும் சேத்து எடுத்துக்குச்சு. இப்ப பழைய கட்டடங்களைக் காப்பாத்தற நேஷனல் டிரஸ்ட்ங்கற அமைப்பு கைல இருக்கு.

உள்ள போறதுக்கு முன்னாடி தொங்கற போர்டைப் பாருங்க. 1393ல ரிச்சர்ட் ராஜா, ரெண்டாம் ரிச்சர்ட், பீர் விக்கறவன் கட்டாயம் அடையாளம் தொங்கவிடணும்னு சட்டம் போட்டார், சரக்கைச் சோதிக்க வர்ற அதிகாரிக்குக் கடை தெரியணும்ல. படிக்கத் தெரியாத ஜனங்களுக்குப் படம்தான் பேரு. வெள்ளை மான் படம் அவரோட சொந்தச் சின்னம், அந்தப் பேர்ல இன்னிக்கும் ஊருக்கு ஊர் பப்பு இருக்கு. படத்தைப் பாத்து ரசிங்க, ஆனா போர்டுல வருஷம் எழுதியிருந்தா நம்பாதீங்க. நாட்டிங்காம்ல ஒரு பப்பு சுவத்துலயே கி.பி. 1189னு பெருசா எழுதியிருக்கு, ஜெருசலேம் பயணம்னு அர்த்தம் வர்ற பேரு. கோட்டை மலையோட மணற்கல்லைக் குடைஞ்ச குகைக்குள்ளயே ரூம் போகுது, அது பாக்க வேண்டிய எடம்தான், குகை பழசாவும் இருக்கலாம். ஆனா கட்டடம்னு நிக்கறது 17ஆம் நூத்தாண்டு. இங்கிலாந்துலயே பழைய பப்பு நாங்கதான்னு சொல்லிக்கற கடை ஒரு டஜன் தேறும். நம்ம ஊர்ல ஒவ்வொரு பழைய வீட்லயும் "எல்லாம் பர்மா தேக்கு சார்"னு சொல்வாங்கல்ல, பிரிச்சுப் பாத்தா பாதி வேம்பும் பூவரசும் வரும், அந்த ரகம்தான்.

இப்ப உள்ள. தலையைக் காப்பாத்திக்கிட்டு போய் உக்காந்து, கண்ணு இருட்டுக்குப் பழகற வரைக்கும் இருங்க. அப்புறம் உத்தரத்துலேந்து ஆரம்பிங்க, எனக்கு இதுதான் சாப்பாடு.

அவங்க ஓக் மரத்தைப் பச்சையா இருக்கறப்பவே அறுத்து மாட்டிடுவாங்க, காயவிட மாட்டாங்க. காஞ்ச ஓக் இரும்பு மாதிரி, உளி ஏறாது. பச்சை மரம் வீட்ல நின்னுக்கிட்டே வருஷக்கணக்கா காயும், சுருங்கும், முறுக்கும், அதனாலதான் பழைய பப்பு எல்லாம் கோணலும் மாணலுமா நிக்குது. ஒரு கட்டை முனையை நாக்கு மாதிரி செதுக்கி அடுத்த கட்டைத் துளைல சொருகி குறுக்க மர ஆணி அடிப்பாங்க, ஆணித்தலை உருண்டையா துருத்திக்கிட்டு இருக்கும், தடவிப் பாருங்க. மரம் சுருங்கச் சுருங்க அந்த இணைப்பு இன்னும் இறுகும்.

அந்த இணைப்பு பக்கத்துல மொபைல் டார்ச்சைச் சாய்ச்சு அடிங்க, நேரா அடிச்சா தெரியாது. உளியால கீறின கோடு தெரியும், ஒண்ணு, ரெண்டு, மூணு, ரோமன் எண்ணு மாதிரி. நாலுக்கு ரோமன்ல எழுதற மாதிரி எழுதாம பெரும்பாலும் நாலு கோடா போட்டிருப்பாங்க, கட்டையைத் தலைகீழா புரட்டினாலும் குழம்பக் கூடாதுல்ல. அதாவது ஆசாரி தன் பட்டறைல மொத்த வீட்டோட சட்டத்தையும் தரைல பரப்பி ஜோடிச்சுப் பாத்துட்டு, பிரிச்சு, எண்ணு போட்டு, வண்டில ஏத்திக் கொண்டுவந்து இங்க நிமித்தியிருக்கான். இது எனக்குத் தெரிஞ்சப்போ நெசமாவே சிலித்துடுச்சு, ஏன்னா நான் வீடு பிரிக்கறப்போ சாக்பீஸ்ல போடறதும் இதேதான், கிழக்கு தாழ்வாரம் 1, 2, 3னு. அவன் நிமித்தறதுக்கு எண்ணு போட்டான், நான் சாய்க்கறதுக்கு.

உத்தரத்தோட அடிப்பக்க விளிம்பையும் பாருங்க. நல்ல ரூமா இருந்தா விளிம்பைச் சரிவா சீவி விட்டு, சுவர் வர்ற எடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி அழகா ஒரு முனை வெச்சு நிறுத்தியிருப்பாங்க. அந்த முனை ரூமுக்கு நடுவுல வந்தா அங்க முன்னாடி ஒரு சுவர் இருந்து எடுத்திருக்காங்கன்னு அர்த்தம். ஒரு பக்கம் முனையே இல்லாம சுவருக்குள்ள போய் மறைஞ்சா அந்தச் சுவர் அப்புறம் வந்தது. காலித் துளை வரிசையா இருந்தா அங்க தட்டிச் சுவர் நின்னிருக்கும், இல்லாட்டி அந்த மரமே வேற வீட்லேந்து வந்தது. உடனே யாராவது "பழைய கப்பல் உடைச்ச மரம்"னு கதை சொல்வாங்க, நூறு மைல் உள்ள தள்ளி இருக்கற ஊர்லயும் சொல்வாங்க, தலையாட்டிட்டு விட்டுடுங்க.

போலி உத்தரமும் நிறைய. 1920, 30கள்ல பீர் கம்பெனிங்க ஊர் ஊரா பெரிய பெரிய பப்பு கட்டினப்போ பழைய காலத்து முகம் வேணும்னு செங்கல் சுவத்து மேல கறுப்புப் பலகையை ஒட்டி விட்டுட்டாங்க. விரலை மடக்கித் தட்டிப் பாருங்க, பொத்துனு சத்தம் வந்தா பெட்டி. மர ஆணி இல்ல, கட்டை எதையும் தாங்காம சும்மா சுவத்துல முடியுது, செதுக்கின தடம் அலை மாதிரி ஒரே சீரா இருக்குன்னா போலி. அதுக்காக மட்டமா நெனச்சுட வேண்டாம், அந்தக் காலத்து போலியே இப்ப நூறு வயசு ஆயிடுச்சு, சிலதுல தச்சு வேலை நம்ம இப்பத்திய நிலைக்கதவு வேலையை விட நூறு மடங்கு தேவலை.

அடுப்புப் பக்கம் போங்க. ஆள் உள்ள போய் உக்கார்ற அளவுக்கு பெருசா இருக்கும், மேல ஒரு பெரிய மரம் சுமையைத் தாங்கும். அந்த மரத்துல கண்ணீர்த் துளி மாதிரி கருகின தழும்பு, காம்பஸ் வெச்சு வரைஞ்ச ஆறு இதழ் பூ இருக்கான்னு தேடுங்க. விளக்கு சாஞ்சு சுட்டதுன்னு தோணும், வேணும்னே சுட்டது, புகைக்கூண்டு வழியா கெட்டது எதுவும் வந்துடக் கூடாதுன்னு. நாம நிலைப்படில மஞ்சள் பூசி வாசல்ல பூசணிக்காய் தொங்கவிடற மாதிரி. ரொம்பப் பழைய கட்டடமா இருந்து மாடில கூரை மரம் தெரியற எடத்துக்கு விட்டாங்கன்னா கைமரம் கரி படிஞ்சு இருக்கான்னு பாருங்க. புகைக்கூண்டு வர்றதுக்கு முன்னாடி கூடத்து நடுத் தரைலயே நெருப்பு எரியும், புகை மேல ஏறிக் கூரை வழியா வெளிய போகும், அப்ப மாடியே கிடையாது. விறகடுப்பு எரிச்ச அடுப்பங்கரைக் கூரையை நம்ம வீட்ல பாத்தவங்களுக்கு அந்தக் கரியைச் சொல்லித் தர வேண்டியதில்ல.

இனிமே கவுண்ட்டர். இதுதான் பப்போட உயிர்னு எல்லாரும் நெனக்கறாங்க, ஆனா பழைய பப்புல கவுண்ட்டரே கிடையாது. கீழ நிலவறைல இருக்கற பீப்பாய்லேந்து குடத்துல புடிச்சு மேல கொண்டுவந்து குடுப்பாங்க. கையால இழுத்து நிலவறைலேந்து பீரை மேல ஏத்தற பம்புக்கு ஜோசப் பிரமாங்கறவர் 1797ல காப்புரிமை வாங்கினார், அது பரவின பிறகுதான் ஒரே எடத்துல நின்னு ஊத்திக் குடுக்க கவுண்ட்டர் அவசியம் ஆச்சு. 1830ல ஒரு சட்டம், ரெண்டு கினி (அந்தக் காலத்துக் காசு) கட்டினா எவன் வேணா வீட்ல பீர் விக்கலாம்னு. அவ்வளவுதான், வீட்டு முன்ரூமை மளிகைக்கடை ஆக்கற மாதிரி ஆயிரக்கணக்கான வீடு கடை ஆயிடுச்சு. தெருவுல வரிசையா வீடு, நடுவுல ஒண்ணு பப்பு, அகலம் உசரம் எல்லாம் பக்கத்து வீடு மாதிரியே இருந்தா அந்தக் கூட்டத்துல பொறந்ததா இருக்கும்.

அதே காலத்துல டவுன்ல ஜின் கடைங்க பெரிய கண்ணாடி, கேஸ் விளக்கு, நீளக் கவுண்ட்டர்னு ஜவுளிக்கடை மாதிரி ஜொலிக்க ஆரம்பிச்சது, பப்புக்காரங்க அதைப் பாத்துக் காப்பி அடிச்சாங்க. 1890கள்ல கட்டின பப்புல போய் நின்னீங்கன்னா கண்ணு கூசும், செதுக்கின மகோகனி, வெட்டுக் கண்ணாடி, பளபளா டைல்ஸ், புடைப்புப் பூ வெச்ச சீலிங். கதவுக் கண்ணாடில சலூன்னு எழுதியிருக்கும், முடி வெட்டற எடம் இல்ல. சலூன்னா காசு கூடக் குடுக்கற துரைமாருக்கு, கம்பளம் விரிச்சது. பப்ளிக் பார்னா கூலிக்காரங்களுக்கு, வெறும் பலகைத் தரை, மர பெஞ்சு. ஸ்னக்னு ஒரு குட்டி ரூம், பொம்பளைங்களும் மத்தவங்க கண்ணுல படக்கூடாதுன்னு நெனக்கறவங்களும் உக்கார. தெருவுலேந்து நேரா ஒரு ஜன்னல், வீட்லேந்து தூக்கு கொண்டுவந்து வாங்கிட்டுப் போறதுக்கு, பார்சல் கவுண்ட்டர்தான். இப்ப உள்ள ஒரே ஹாலா இருந்தாலும் வெளில ஏன் நாலு கதவுன்னு யோசிங்க, ஒவ்வொரு கதவும் ஒரு ரூம், நடுச்சுவத்தை எல்லாம் அப்புறம் எடுத்துட்டாங்க. மரத் தரைல, சீலிங்ல கோடு தெரியும்.

லண்டன் மெய்டா வேல்ல பிரின்ஸ் ஆல்ஃபிரட்னு ஒரு பப்புல அந்தத் தடுப்பு எல்லாம் அப்படியே இருக்கு, ஒரு பகுதிலேந்து இன்னொண்ணுக்குப் போக ஒரு குட்டிக் கதவு, குனிஞ்சு நுழையணும், என் வீட்டுக்காரி முடியாதுன்னுட்டா. கவுண்ட்டர் மேல முகத்துக்கு நேரா சின்னச் சின்ன சுழல் கண்ணாடி இருக்கும், பூ வேலை செஞ்சு மங்கலாக்கினது. திறந்தா ஆர்டர் சொல்லலாம், மூடினா ஊத்தறவனுக்கு நம்ம மொகம் தெரியாது, அந்தப் பக்கம் நிக்கற கூலிக்காரனுக்கும் தெரியாது. பாக்க அழகு. ஆனா அதைப் பாத்துக்கிட்டே எனக்கு நம்ம பக்கத்து டீக்கடைல தனி டம்ளர் மாட்டியிருந்த ஆணி ஞாபகம் வந்துச்சு, சின்ன வயசுல பாத்தது. அங்கயாவது ஒரு பென்னி கூடக் குடுத்தா அடுத்த ரூம்ல உக்கார விட்டிருப்பான்.

நிலவறைக்குள்ள விடறது அபூர்வம், ஆனா தெருவுல நடைபாதைலயே ரெட்டைக் கதவு படுத்த வாக்குல இருக்கும், பீப்பாய் உருட்டி இறக்கற வழி. சரக்கு வர்ற நாள் காலைல போனா திறந்திருக்கும், எட்டிப் பாருங்க, விழுந்துடாதீங்க. வருஷம் பூரா 12 டிகிரி வாக்குல வெச்சிருக்கணுமாம். நம்ம பக்கம் ஆறடி தோண்டினா ஊத்து வந்துடும், நிலவறையாவது ஒண்ணாவது, நெல்லைப் பத்தாயத்துலயும் குதிர்லயும் மேலதான் வெச்சோம்.

தரை சாய்வா இருக்கான்னு பாக்க ஒரு காசை உருட்டி விடுங்க. சாய்வுக்கே பேர் போன பப்பு ஒண்ணு இருந்துச்சு, ஹிம்லி பக்கம், 1765ல பண்ணை வீடா கட்டினது, கீழ நிலக்கரி தோண்டித் தோண்டி ஒரு பக்கம் நாலடி இறங்கி அப்படியே நின்னுடுச்சு, கோலி குண்டு மேல்நோக்கி உருள்ற மாதிரி தெரியும்னு ஜனங்க பாக்க வருவாங்க. 2023 ஆகஸ்ட்ல தீப்பிடிச்சு, ரெண்டே நாள்ல மிச்சத்தையும் இடிச்சுட்டாங்க, திரும்பக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டிருக்காங்க. இதுக்கு முன்னாடி லண்டன் கில்பர்ன் பக்கம் கார்ல்டன் டேவர்ன்னு ஒண்ணு, 1920-21ல கட்டினது, பெரிய பழசு இல்ல. பாதுகாக்கப்பட்ட பட்டியல்ல சேக்கப் போற நேரத்துல 2015 ஏப்ரல்ல அனுமதி வாங்காம இடிச்சுட்டாங்க. கவுன்சில் விடல, செங்கல் செங்கலா எப்படி இருந்துச்சோ அப்படியே கட்டுன்னுடுச்சு, எப்படி இருந்துச்சுன்னு முன்னாடியே விலாவாரியா படம் எடுத்துக் குறிச்சு வெச்சிருந்ததால அது நடந்துச்சு. 2021ல திரும்பத் திறந்துட்டாங்க. மாப்பிள்ளை இதைச் சொன்னப்போ நான் ஒண்ணும் பேசல, என் கைல எத்தனை வீடு போயிருக்குன்னு அவருக்கும் தெரியும்.

வெளியவும் உள்ளவும் பாக்கறப்போ சிமென்ட் பூச்சு இருக்கான்னு ஒரு கண்ணு வெச்சுக்குங்க. பழைய மரச்சட்டத்து மேல சிமென்ட் பூசினா ஈரம் உள்ளயே அடைஞ்சு ஓக்கே உளுத்துடும், சுண்ணாம்பா இருந்தா ஈரத்தை வெளிய விட்டுடும். கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் போட்டு அரைச்ச காரைச் சுவத்துல சிமென்ட்டை அப்பிட்டு உப்பு பூக்குதே உப்பு பூக்குதேன்னு நம்மாளுங்க பொலம்பறதும் இதனாலதான்.

வீட்டுக்கு வந்ததும் இங்கிலாந்து தேசிய பாரம்பரியப் பட்டியல்ல அந்த பப்பு பேரைப் போட்டுத் தேடிப் பாருங்க, இன்டர்நெட்ல இலவசம். ஒண்ணு, ரெண்டு ஸ்டார், ரெண்டுன்னு மூணு தரம் இருக்கு, கூடவே எந்த நூத்தாண்டு, என்ன மரம், எந்தச் சுவர் அப்புறம் வந்ததுன்னு நாலு வரில எழுதியிருப்பாங்க. முதல்ல நாமளா பாத்து யூகிச்சுட்டு அப்புறம் இதைப் படிங்க, பரீட்சை எழுதிட்டு விடை பாக்கற மாதிரி. செப்டம்பர்ல போறவங்களா இருந்தா பாரம்பரியத் திறப்பு நாள்னு பத்து நாள் நடக்கும், சாதாரணமா விடாத எடத்தையும் சும்மா திறந்து காட்டுவாங்க.

ஊர் வந்து ரெண்டாவது மாசம் நீடாமங்கலம் பக்கத்துல ஒரு வீடு பிரிக்கக் கூப்பிட்டாங்க. கைமரத்தைக் கழட்டறதுக்கு முன்னாடி டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சேன். உத்தரத்துல கைமரம் உக்கார்ற ஒவ்வொரு வெட்டுக்குப் பக்கத்துலயும் உளிக்கோடு, ஒண்ணு, ரெண்டு, மூணு. முப்பது வருஷமா அதை ஆசாரி உளி வழுக்கினதுன்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன். இப்ப பிரிக்கறதுக்கு முன்னாடி டேப் புடிச்சு, போட்டோ எடுத்து ஒரு நோட்டுல வரைஞ்சு வெச்சுக்கறேன், மேஸ்திரி அரை நாள் கூலி வீண்னு மொனகறார்.

லண்டன்ல ஒரே நாள்தான் இருக்குன்னா இப்படிப் போங்க. காலைல லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன்ல இறங்கி பொடிநடையா தி ஜார்ஜ், முற்றத்துல நின்னு தாழ்வாரத்தைப் பாருங்க. அங்கேந்து ஆத்தைத் தாண்டி ஃப்ளீட் ஸ்ட்ரீட்ல செஷயர் சீஸ், 1666 பெருந்தீக்கு அடுத்த வருஷம் திரும்பக் கட்டினது, உள்ள பட்டப்பகல்லயே இருட்டு, படி இறங்க இறங்க ரூம் வந்துக்கிட்டே இருக்கும், முட்டி வலிக்காரங்க மேலயே உக்காந்துக்கலாம். மதியத்துக்கு மேல ஹோல்பர்ன்ல பிரின்சஸ் லூயிஸ், 1891 அலங்காரம், நடுவுல கவுண்ட்டர், சுத்தி கண்ணாடித் தடுப்பு. அங்கேந்து லாம்ப்ஸ் கான்டிட் தெருவுல தி லாம்ப், அந்த மூஞ்சி மறைக்கற கண்ணாடி அங்க இன்னும் சுழலுது, சுழட்டிப் பாக்கலாம். லிவர்பூல் பக்கம் பிள்ளை இருந்தா ஃபில்ஹார்மோனிக்னு ஒண்ணு, 1898லேந்து 1900க்குள்ள கட்டினது, இங்கிலாந்துல முதல் தரப் பட்டியல்ல இருக்கு. அதுலயும் பிரின்சஸ் லூயிஸ்லயும் ஆம்பளைங்க டாய்லெட்டை அவசியம் பாருங்க, பளிங்கும் டைல்ஸுமா நம்ம கல்யாண மண்டபத்து மேடை தோத்துடும். கேமராவை மட்டும் வெளியவே குடுத்துட்டுப் போங்க, நான் கைல எடுத்துட்டுப் போய் உள்ள நின்னவர்கிட்ட விளக்கம் சொல்ல வேண்டியதாப் போச்சு.